பீல்ட் டெஸ்ட்: ஒரே ஐயாவை மூன்றாம் தரமும் கூப்பிட வேண்டி வந்துவிட்டது. எங்கே பிழை விடுகிறேன்?

கண்மணி_கல்முனை:

எல்லோருக்கும் வணக்கம். கல்முனையில் ஒரு தனியார் கண் கிளினிக்கில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. முதலில் கவுண்டரில் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தேன். பீல்ட் டெஸ்ட், அதாவது நேரே பார்த்தபடி இருக்க ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிற சோதனை, எடுக்கிற ஹம்ப்ரி மெஷினைப் பார்த்துவந்த அக்கா கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போய்விட, அது என் கைக்கு வந்தது. போகுமுன் மூன்று நாள் காட்டித் தந்தார். பட்டன் எது, லென்ஸ் எது, பிரிண்ட் எடுப்பது எப்படி, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகியது.

இப்போது ஒரு ஐயாவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வெல்லாவெளிக்கு உள்ளே ஒரு கிராமம். 71 வயது, இன்னமும் வயலுக்குப் போகிறவர். கண் நரம்பின் குழி பெரிதாக இருக்கிறது, குளோக்கோமாவோ (கண் நரம்பு பழுதாகி ஓரப் பார்வை குறைகிற நோய்) என்று டொக்டருக்குச் சந்தேகம். பீல்டைப் பார்த்துத்தான் மருந்து தொடங்குவதா இல்லையா என்று முடிவெடுப்பார். நான் எடுத்துக் கொடுத்த முதல் ரிப்போர்ட்டில் வலது கண்ணுக்கு பிக்சேஷன் லொஸ், அதாவது கண் நடுவை விட்டு விலகிய கணக்கு, 9/15 (15 தரம் பார்த்ததில் 9 தரம்), பக்கத்தில் எக்ஸ் எக்ஸ். "இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, திரும்ப எடுங்கள்" என்றார் டொக்டர். இரண்டாம் தரம் 8/14. மூன்றாம் தரத்துக்கு வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். அந்த மனிசன் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கல்முனைக்கு இன்னொரு பஸ் என்று வருகிறவர். போன தரம் போகும்போது "ஒழுங்காத்தான் பார்த்தன் மகள்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். கதிரையை மேசையோடு ஒட்ட இழுத்துவிட்டேன். நாடியைக் கட்டையில் வைத்து நெற்றியைப் பட்டியில் முட்டச் சொன்னேன். இடது கண்ணை மறைத்தேன், வயதுக்குரிய லென்ஸ் போட்டேன். "நடுவில் மஞ்சள் லைட் தெரியும், அதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வேறு எங்கே லைட் வந்தாலும் உடனே அமத்துங்கோ, ஒன்றையும் விடக் கூடாது" என்றேன். அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் பக்கத்திலேயே நின்று, லொஸ் ஏறும்போதெல்லாம் "ஐயா நேரே, நேரே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்லக் கூடியதே தவிரக் குறையவில்லை. இடது கண்ணுக்கு வரும்போது எனக்கே அலுத்துவிட்டது, பேசாமல் இருந்துவிட்டேன். அது 2/14.

இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. பர்தா போட்டு வருகிற அம்மாக்களுக்கு நெற்றி ஒழுங்காகப் பட்டியில் படுவதில்லை, என்ன செய்வது? பிறந்த திகதி தெரியாத வயசாளிகளுக்கு மெஷினில் என்ன அடிப்பது?

ஒப்டோ_தம்பி:

அக்கா, மெஷினில் உள்ள சோதனை முறைகளில் சீட்டா ஸ்டாண்டர்டில் எடுக்கிறீர்களா? வயது போனவர்களுக்கு அது நீளம். சீட்டா பாஸ்டுக்கு மாற்றிப் பாருங்கள், மூன்று நாலு நிமிஷத்தில் ஒரு கண் முடிந்துவிடும், அலுப்பு வராது. தொடங்கும்போது கொஞ்சம் கண்டிப்பாகவும் சொல்லுங்கள், சிலருக்கு அப்படிச் சொன்னால்தான் ஏறும்.

நிந்தவூர்_ராத்தா:

தங்கச்சி, பர்தா விஷயத்தை நான் சொல்கிறேன், பதினாறு வருஷம் கண் வார்டில் தாதியாக இருந்தவள். கதவைச் சாத்து, அறைக்குள் ஆண்கள் யாரும் இல்லை என்று அவர்களுக்குச் சொல். முகம் மூடி வந்தவர் தானாகவே தூக்கிவிடுவார், நீ கை வைக்க வேண்டிய தேவை வராது. அதற்குப் பிறகு உள்ளே கட்டுகிற தொப்பியின் ஓரத்தை இரண்டு விரல் அளவு மேலே மடிக்கச் சொல். வழுக்குகிற துணிக்கு மேல் நெற்றியை வைத்தால் இரண்டு நிமிஷத்தில் தலை பின்னுக்குப் போய்விடும், தோல் பட்டால்தான் நிற்கும். கண் மறைக்கிற பட்டையின் இலாஸ்டிக்கைத் துணிக்கு மேலே போடாதே, அதுவும் வழுக்கும். நான் காயத்துக்குக் கட்டுகிற கோஸ் துணியை மடித்து வைத்துப் பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன். கோஸ் தடிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற கண்ணும் லைட்டைப் பார்க்கும்.

நோன்பு காலத்தில் எங்கள் ஆட்களைப் பகல் இரண்டு மணிக்கு வரச் சொல்லாதே. காலையில் முதல் ஆளாக எடு. அசருக்குப் பிறகு எடுத்த பீல்டெல்லாம் தூங்கி வழிந்ததுதான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன்னுடைய ஐயா வெற்றிலை போடுகிறவரா? வாயைப் பார்த்தாயா? கடைவாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு நாடியை வைத்தால், அவர் மெல்லும் ஒவ்வொரு மெல்லுக்கும் தலை மேலும் கீழும் போகும். துப்பிவிட்டு வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வதற்கு நான் வெட்கப்படுவதே இல்லை.

பழைய_பீல்ட்காரன்:

மகள், நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பேசிக்கொண்டிருந்த கண் 9/15, பேசாமல் விட்ட கண் 2/14. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காது மந்தமான ஒரு மனிசன், நாடி கட்டையில் நாடியை வைத்து, முன்னால் லைட் வருகிற மெஷினின் வெள்ளைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்று ஒரு பிள்ளை ஏதோ சொல்கிறது. அவர் என்ன செய்வார்? கேட்கிற காதை உங்கள் பக்கம் திருப்புவார். மரியாதை தெரிந்த மனிசன், திருப்பாமல் எப்படி இருப்பார்? தலை ஒரு விரற்கடை சாய்ந்தாலே போதும். நீங்கள் "நேரே, நேரே" என்று சொன்ன ஒவ்வொரு தரமும் அவரைக் கோணலாக்கியது நீங்கள்தான்.

மெஷின் எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்று அந்த அக்கா சொல்லித் தரவில்லைப் போலிருக்கிறது. நம் எல்லோருக்கும் கண் நரம்பு வெளியேறுகிற இடத்தில் பார்வை இல்லாத ஒரு பொட்டு உண்டு, குருட்டுப் புள்ளி. நடுவிலிருந்து காதுப் பக்கமாக 15 பாகை அளவில், சற்றே கீழே இருக்கும். டெஸ்ட் தொடங்கும்போது மெஷின் அதைத் தேடிக் குறித்துக்கொள்ளும். பிறகு இடைக்கிடை அந்த இடத்துக்கு ஒரு லைட்டை அனுப்பிப் பார்க்கும். அங்கே லைட் தெரியக் கூடாது. தெரிந்து அமத்தினால், கண் நடுவை விட்டு விலகியிருக்கிறது என்று ஒரு லொஸ் எழுதிவிடும். சரிதானே? இப்போது யோசியுங்கள். அது குறித்துக்கொண்ட நேரத்தில் ஐயாவின் தலை சாய்ந்திருந்தது, பிறகு நிமிர்ந்துவிட்டார். குருட்டுப் புள்ளி இடம் மாறிவிட்டது, மெஷினுக்கு அது தெரியாது. அவர் மஞ்சள் லைட்டை ஆணி அடித்த மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் லொஸ் ஏறிக்கொண்டேதான் போகும். அவர் "ஒழுங்காத்தான் பார்த்தன்" என்று சொன்னது பொய்யாக இருக்கத் தேவையில்லை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ரிப்போர்ட்டின் அடியில் நெடுக ஒரு கோடு ஓடும், கண் எங்கே போனது என்று காட்டுவது. மேல்நோக்கி எழும்பிய கீறல்கள் கண் விலகியதற்கு, கீழ்நோக்கி இறங்கியவை கண் சிமிட்டியதற்கு. அந்தக் கோடு பெரும்பாலும் தட்டையாக இருந்து, மேலே மட்டும் 9/15 என்று நின்றால், குற்றம் குருட்டுப் புள்ளியில். கோடு முழுக்க முள்ளுக் கம்பி மாதிரி எழும்பியிருந்தால், ஆள் உண்மையாகவே அங்கும் இங்கும் பார்த்திருக்கிறார். இன்னொன்று, முதல் ஒரு நிமிஷத்திலேயே இரண்டு மூன்று லொஸ் விழுந்தால் கடைசி வரை காத்திருக்காதீர்கள். நிறுத்தி, தலையை நேராக்கி, குருட்டுப் புள்ளியைத் திரும்பப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

இனி இருத்துவது. கதிரையை மேசையோடு ஒட்ட இழுத்தேன் என்கிறீர்கள், மேசையின் உயரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. 71 வயது வயற்காரருக்கு முதுகு கொஞ்சமாவது கூனாமல் இராது. மேசை உயரமாக இருந்தால் கழுத்தை நீட்டி நாடியைத் தூக்கி வைப்பார், மூன்றாம் நிமிஷத்தில் பிடரி உளையும். முதலில் அவரைக் கதிரையில் வசதியாக இருத்துங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணி, கால் இரண்டும் தரையில். பிறகு மேசையை அவரிடம் கொண்டுவாருங்கள், அவரை மேசையிடம் கொண்டுபோகாதீர்கள். சற்றே முன்னுக்குச் சாய்ந்த மாதிரி, நெற்றி தானாகப் போய்ப் பட்டியில் பட வேண்டும். பட்டன் மடியில் இருக்கட்டும். சாரன் கட்டியவர்கள் அதை மடிக்குள் விட்டுவிட்டுத் தேடுவார்கள், கையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுங்கள்.

நாடி கட்டையில் இரண்டு குழி இருக்கும். வலது கண் எடுக்கும்போது நாடி இடது குழியில், இடது கண்ணுக்கு வலது குழியில். கண்தான் நடுவுக்கு வர வேண்டும், மூக்கு அல்ல. இதிலே பிழைவிட்டுவிட்டுத் தலையைத் திருப்பித் திருப்பிச் சரிக்கட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

லென்ஸை எல்லாம் போட்டு முடித்துக் கடைசியாகக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், இமை மயிர் படாத அளவுக்கு. தூரத்தில் நின்றால் லென்ஸின் வளையமே பார்வையை மறைக்கும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் கறுப்பு வட்டம் விழும், டொக்டர் அதை நோய் என்று நினைக்கவும் கூடும். கிண்ணம் 30 சென்டிமீட்டரில் இருப்பதால் 60 தாண்டியவர்களுக்கு அவரது தூரக் கண்ணாடிப் பவரோடு +3.25 கூட்ட வேண்டும். வெண்புரை ஒபரேஷன் செய்து லென்ஸ் வைத்தவருக்கு வயது என்னவாக இருந்தாலும் அதே +3.25. இதைக் கண்மூடித்தனமாகப் போடாதீர்கள். ஏற்கெனவே -3.00 உள்ள கிட்டப் பார்வைக்காரருக்குக் கூட்டிக் கழித்தால் லென்ஸே தேவைப்படாது. சொந்த மூக்குக் கண்ணாடியோடு, அதுவும் இரண்டு பவர் உள்ள கண்ணாடியோடு, ஒருபோதும் எடுக்காதீர்கள்.

மேல் இமை தொங்குகிற வயசாளி என்றால் பேப்பர் பிளாஸ்டரால் லேசாகத் தூக்கி நெற்றியில் ஒட்டுங்கள், கண் சிமிட்ட இடம் விட்டு. இல்லாவிட்டால் மேற்பாதி முழுக்கக் கறுத்து வரும். கண்ணின் நடுவில் இருக்கிற பாவையின் அகலம் 3 மில்லிமீட்டருக்குக் குறைவா என்றும் பாருங்கள், குறைந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டுப் பிரஷர் பார்ப்பதெல்லாம் பீல்டுக்குப் பிறகு. சில இடங்களில் கூட்டத்தைச் சமாளிக்க மாற்றிச் செய்கிறார்கள். கண் மங்கலாகிப் போன பிறகு எடுத்த பீல்ட் எதற்கு என்று நான் சண்டை பிடித்ததும் உண்டு.

இனிச் சொல்வது. தம்பி கண்டிப்பாகச் சொல்லச் சொல்கிறார், நான் அதற்கு நேர் எதிர். "ஒன்றையும் விடக் கூடாது" என்பதுதான் இந்த அறையில் சொல்லக் கூடாத வசனம். இந்த மெஷின் ஒவ்வொரு இடத்திலும் எந்த அளவு மங்கல் வரை தெரிகிறது என்றுதான் தேடுகிறது. அதனால் வேண்டுமென்றே தெரியாத அளவுக்கு மங்கவைக்கும். நல்ல கண்ணுக்கே காட்டுகிற லைட்டில் ஏறக்குறையப் பாதி தெரியாது. அதை முதலே சொல்லாவிட்டால், தெரியாத நேரத்தில் ஆள் பயந்துவிடுவார். பயந்தால் ஒன்றில் லைட்டைத் தேடிக் கண்ணை ஓட்டுவார், இல்லாவிட்டால் சும்மா சும்மா அமத்துவார். சும்மா அமத்துவதுதான் பொல்லாதது. பால்ஸ் பொசிட்டிவ், அதாவது அப்படிச் சும்மா அமத்திய கணக்கு, 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் காகிதத்தை நம்ப முடியாது, இல்லாத பார்வையை இருப்பதாகக் காட்டிவிடும்.

சீட்டா பாஸ்டைப் பற்றி: கெட்டதில்லை. ஆனால் ஒன்றில் தொடங்கினால் அதிலேயே போக வேண்டும், வருஷக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிற சோதனை இது. டொக்டரைக் கேட்காமல் நாமாக மாற்றுவதில்லை. ஐயாவின் பிரச்சினை நீளமும் இல்லை. நீளம்தான் பிரச்சினை என்றால் இரண்டாவதாக எடுத்த இடது கண்தான் மோசமாக வந்திருக்கும்.

பிறந்த திகதிக்கு அடையாள அட்டையைக் கேளுங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூன்று இலக்கம் வருஷத்தில் எத்தனையாவது நாள், பெண்கள் என்றால் அதில் 500 கூட்டியிருக்கும். நம் பக்கத்து ஆட்கள் 57 வெள்ளம், 78 சூறாவளி என்றுதான் வயது சொல்வார்கள். அதிலிருந்து கணக்குப் பார்த்து அட்டையோடு ஒத்துப் பாருங்கள். ஏனோதானோ என்று ஒரு வருஷத்தை அடித்தால், மெஷின் அவரை இன்னொரு வயதுக்காரரோடு ஒப்பிட்டுக் கணக்குச் சொல்லும்.

நான் தொழில் பழகிய காலத்தில் கறுப்புத் துணித் திரையும் வெள்ளை முத்துக் குத்திய குச்சியும்தான். டென்மார்க்கில் பியெரும் என்ற டொக்டர் தன் அறைக் கதவின் பின்பக்கத்தையே திரையாக வைத்துத் தொடங்கிய வேலை அது. அதில் ஒரு நன்மை இருந்தது, ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். இப்போது எல்லோரும் கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்க்கிறார்கள்.

வாகரை_வாத்தி:

நான் நோயாளி, ஒன்பது வருஷமாகக் கண்ணுக்குச் சொட்டு விடுகிறவன். முதல் பீல்ட் டெஸ்டில் ஒரு மிஸ் பட்டனைக் கையில் தந்துவிட்டு போன் கதைக்கப் போய்விட்டா. உள்ளே நெடுநேரம் ஒன்றுமே தெரியவில்லை. எனக்குக் கண் போய்விட்டது என்று நினைத்து உள்ளேயே அழுதேன், அழுதுகொண்டே கண்டபாட்டுக்கு அமத்தினேன். பாதி லைட் நல்ல கண்ணுக்கே தெரியாது என்று மேலே பெரியவர் எழுதியிருக்கிறாரே, அதை எனக்கு ஒருவர் சொன்னது நாலாவது டெஸ்டில். கண் சிமிட்டலாமா என்பதும் எனக்குத் தெரியாது. சிமிட்டாமல் இருந்து இருந்து கண் எரிந்து தண்ணீர் ஓடும்.

பழைய_பீல்ட்காரன்:

வாத்தியார் ஐயா, சிமிட்டலாம். பட்டனை அமத்துகிற அதே நேரத்தில் சிமிட்டினால் ஒன்றும் தவறாது. களைத்தால் பட்டனை அமத்தியபடி பிடித்துக்கொள்ளுங்கள், விடும் வரை மெஷின் நிற்கும். மகள், இந்த இரண்டையும் எல்லோருக்கும் முதலே சொல்லுங்கள்.

கண்மணி_கல்முனை:

நேற்று வியாழன். ஐயா பத்தரைக்கு வந்தார். ராத்தா, உங்கள் கண்ணுக்கு என்ன கொடுக்கலாம்! கடைவாயில் வெற்றிலை இருந்தது. போன இரண்டு தரமும் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. பழைய ரிப்போர்ட்டை எடுத்து அடிக்கோட்டையும் பார்த்தேன். பெரும்பாலும் தட்டை. இவ்வளவு நாளும் அந்த மனிசனைப் பிழையாக நினைத்திருக்கிறேன்.

வந்தவுடன் எடுக்கவில்லை. ஃபேனுக்குக் கீழே கால் மணித்தியாலம் இருக்கவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். பிறகு எனக்கு முன்னால் இருத்தி, கேட்கிற காதுப் பக்கம் நின்று, எல்லாவற்றையும் மெஷினுக்கு வெளியிலேயே சொல்லி முடித்தேன். ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, என் மூக்கைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் விரல் ஆடுவது தெரிகிறதா என்று இரண்டு தரம் செய்து காட்டினேன். "பாதி லைட் தெரியாது, அது மெஷினின் வேலை, உங்கள் பிழை இல்லை. நான் பேச மாட்டேன், தோளைத் தொட்டால் நல்லாச் செய்கிறீர்கள் என்று அர்த்தம், திரும்ப வேண்டாம்" என்றேன். ஐயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இது நம்மட பரண் காவல் மாதிரித்தான் மகள். பார்வை நேர இருந்தாலும் ஓரக் கண்ணால ஆன வாறது தெரியணும். ஆனையத் தேடிக் கிறுகினா மற்றப் பக்கத்தால வந்திரும்."

இதை விட நன்றாக என்னால் சொல்ல முடியாது. இனி வயற்கார ஐயாமார் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

மேசையைத்தான் இறக்கினேன், நாலு விரல் இறங்கியது. வலது கண் 1/14, இடது கண் 2/15, பால்ஸ் பொசிட்டிவ் இரண்டிலும் 3 சதவீதத்துக்குள். நடுவில் இரண்டு தரம் தோளைத் தொட்டேன், தலை அசையவில்லை.

ஆனால் ரிப்போர்ட் நல்லதில்லை. வலது கண்ணில் மேற்பக்கம், மூக்குப் பக்கமாக, ஒரு வளைவாகக் கறுத்திருக்கிறது. டொக்டர் நெடுநேரம் பார்த்தார், பிறகு ஐயாவைக் கூப்பிட்டு இரவில் விடுகிற சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒப்பிட்டு வைக்க இன்னொரு பீல்டும் வேண்டுமாம். வெளியே வந்து "சரியாச் செஞ்சனா மகள்?" என்று கேட்டார். நல்லாச் செய்தீர்கள் ஐயா என்றேன்.

அடுத்த திகதியை எழுதப் போனபோது, வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்றார். டொக்டரிடம் கேட்டு, இரண்டு கிழமை தள்ளிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.